சீன தேசியவாதம் எப்படி உருவானது? அது ஏன் கடைசியில் கம்யூனிஸ்டுகளின் கையில் போய்ச் சேர்ந்தது?

அந்நியனுக்கு மண்ணை விட்டுக்கொடுப்பவனுக்கு நாட்டை ஆளும் தகுதி இல்லை. 1895க்குப் பிறகு சீனாவில் வந்த ஒவ்வொரு ஆட்சியையும் மக்கள் இந்த அளவுகோலை வைத்துத்தான் பார்த்தார்கள். மஞ்சு அரசர்களின் சிங் வம்சம், அதன்பின் குடியரசின் அதிபரான யுவான் ஷிகாய், பெய்ஜிங்கைப் பிடித்து வைத்திருந்த ராணுவத் தளபதிகள், தேசியவாதக் கட்சித் தலைவர் சியாங் கை-ஷேக் என்று எல்லோரும் இதில் அடிபட்டார்கள். கம்யூனிஸ்டுகள் தப்பியதற்கு, என்னைக் கேட்டால், பெரிய காரணம் அந்தச் சோதனை நடந்த காலத்தில் அவர்கள் ஆட்சியில் இல்லை என்பதுதான். இதைச் சொல்லிக் கல்லூரி நாட்களில் இடதுசாரி நண்பர்களிடம் நிறைய வாங்கிக் கட்டிக்கொண்டிருக்கிறேன். இப்போதும் என் கருத்து அதுவே.

வழக்கமாக இந்தக் கதையை பிரிட்டனோடு நடந்த 1839-42 அபினிப் போரிலிருந்து தொடங்குவார்கள். சீன அரசின் கணக்கும் அப்படித்தான். 1841 மே மாதம் காண்டன் நகருக்கு வெளியே சன்யுவான்லியில் கிராமத்து மக்கள் ஈட்டியும் மண்வெட்டியுமாகத் திரண்டு பிரிட்டிஷ் படையைச் சூழ்ந்துகொண்டார்கள். கொட்டும் மழையில் துப்பாக்கி மருந்து நனைந்துபோக, படையிலிருந்து பிரிந்து தனியாக மாட்டிக்கொண்டவர்கள் யார் தெரியுமா? மதராஸ் மாகாணத்தில் திரட்டப்பட்ட 37ஆவது காலாட்படையின் சிப்பாய்கள். நம் ஊர்ப் பக்கத்து ஆட்கள்! ஏகாதிபத்தியத்துக்கு எதிரான முதல் மக்கள் போராட்டம் என்று சீனப் பாடநூல்கள் இதைக் கொண்டாடுகின்றன. ஆனால் அந்தக் கிராமத்தார் கொதித்தது கல்லறைகளைத் தோண்டியதற்கும், பெண்களிடம் அத்துமீறியதற்கும், ஊரைச் சூறையாடியதற்கும்தான். சீனா என்ற தேசத்தைக் காக்கப் போகிறோம் என்று அவர்கள் நினைத்ததாக எனக்குத் தோன்றவில்லை. அடுத்த பத்தாண்டில் வெடித்த தைப்பிங் கிளர்ச்சியைப் பாருங்கள். இரண்டு கோடிப் பேருக்கு மேல் செத்ததாகச் சொல்லப்படும் அந்தப் போர், வெள்ளைக்காரனை எதிர்த்து நடந்ததல்ல, மஞ்சு அரசரை எதிர்த்து நடந்தது.

உண்மையான உடைப்பு 1895இல் வந்தது. பிரிட்டனிடம் தோற்றதைக்கூடத் தூரத்துக் காட்டுமிராண்டிகளின் பீரங்கி பலம் என்று சமாதானம் சொல்லிக்கொள்ள முடிந்தது. ஜப்பானிடம் தோற்றதற்கு எந்தச் சமாதானமும் இல்லை. சீனாவிடம் எழுத்தையும் கன்பூசியத்தையும் கற்றுக்கொண்ட நாடு அது. ஷிமோனோசெகி ஒப்பந்தத்தில் தைவான் போனது, 20 கோடி டேல் (சீன எடை அளவு) வெள்ளி அபராதமும் போனது. அரசுப் பணித் தேர்வெழுத பெய்ஜிங் வந்திருந்தவர்களைத் திரட்டி, சீர்திருத்தம் கேட்டு காங் யூவெய் என்ற அறிஞர் மனு எழுதினார். 1898இல் இளம் பேரரசர் அவர் பேச்சைக் கேட்டுத் தொடங்கிய சீர்திருத்தம் 103 நாள் தாங்கியது. பிறகு தாய்ப் பேரரசி சிஷி பேரரசரையே அரண்மனைக்குள் அடைத்துவிட்டார். காங்கின் மாணவர் லியாங் சிச்சாவ் ஜப்பானுக்குத் தப்பி ஓடி, அங்கிருந்து பத்திரிகை நடத்தினார். சீனர்களுக்கு வம்சம் தெரியும், குலம் தெரியும், ஊர் தெரியும், தேசம் மட்டும் தெரியவில்லை என்பதுதான் அவருடைய ஓயாத வாதம். தங்களை அடித்த நாட்டின் பள்ளிக்கூடத்தில்தான் ஆயிரக்கணக்கான சீன மாணவர்கள் தேசியவாதத்தைப் படித்தார்கள்.

இதற்கிடையே 1900இல் அந்நியர்களை எதிர்த்து பாக்ஸர் கிளர்ச்சி. எட்டு நாட்டுப் படைகள் பெய்ஜிங்குக்குள் புகுந்தன. அபராதம் 45 கோடி டேல், அதாவது கிட்டத்தட்டத் தலைக்கு ஒரு டேல். மாணவர்களின் கோபம் இப்போது உள்பக்கம் திரும்பியது: சிங் அரசர்களே அந்நியர்கள்தானே, 1644இல் வடக்கிலிருந்து வந்து நாட்டைப் பிடித்த மஞ்சுக்கள்தானே! முன்தலையை மழித்துப் பின்னல் போட வேண்டும் என்பது பெரும்பான்மைச் சீனர்களான ஹான் ஆண்களுக்கு அவர்கள் விதித்த கட்டளை. பின்னலை அறுப்பதே புரட்சியின் அடையாளமானது. சன் யாட்-சென் 1905இல் டோக்கியோவில் புரட்சிக் குழுக்களை ஒன்றாக்கினார். பணம் பினாங்கு, சிங்கப்பூர் பக்கத்துச் சீன வணிகர்களிடமிருந்து வந்தது. 1911 அக்டோபர் 10 அன்று வூச்சாங்கில் படைவீரர்கள் கிளர்ந்தெழுந்தபோது புரட்சியின் தந்தை அமெரிக்காவில் நிதி திரட்டிக்கொண்டிருந்தார். செய்தித்தாளைப் பார்த்துத்தான் விஷயமே அவருக்குத் தெரியும்.

சிங் ஆட்சி சரிந்தபோது நடந்ததைப் பலர் கவனிக்காமல் தாண்டிப் போகிறார்கள். எனக்கு முழுக் கதையிலும் இதுதான் முக்கியம். திபெத், மங்கோலியா, சின்ஜியாங் எல்லாம் மஞ்சு அரசர்கள் பிடித்துச் சேர்த்த நிலங்கள். மஞ்சு அந்நியன் என்றால், அவன் பிடித்த நிலம் எப்படிச் சீனாவுடையதாகும்? 1911 டிசம்பரில் மங்கோலியர்கள் இதையே சொல்லி விலகினார்கள்; 1913இல் 13ஆவது தலாய் லாமாவும் அதே வழியில் போனார். புதிய குடியரசோ ஐந்து வண்ணக் கொடி ஒன்றை ஏற்றி, ஹான், மஞ்சு, மங்கோலியர், முஸ்லிம்கள், திபெத்தியர் ஐவரும் ஒரே குடும்பம் என்றது. சொத்துக்காரனை விரட்டிவிட்டு, அவன் சேர்த்த சொத்தை ஒரு காணி விடாமல் தன் பேருக்கு எழுதிக்கொண்டது. நேற்றுவரை 'மஞ்சுவை விரட்டு' என்று முழங்கியவர்களுக்கு இதில் எந்த நெருடலும் இருந்ததாகத் தெரியவில்லை. இன்றைய எல்லைச் சிக்கல்கள் பலவற்றின் வேர் அங்கே இருக்கிறது.

1915 மே மாதம், சீனாவில் தனக்கு ஆதிக்கம் கேட்டு ஜப்பான் வைத்த 21 கோரிக்கைகளில் பெரும்பகுதியை யுவான் ஷிகாய் ஏற்றுக்கொண்டார். அந்த நாளையே தேசிய அவமான நாள் என்று அனுசரிக்கத் தொடங்கினார்கள். பிறகு 1919. முதல் உலகப் போரில் நேச நாடுகளுக்காக பிரான்சில் பதுங்குகுழி வெட்டவும் சுமை தூக்கவும் ஒரு லட்சத்துக்கு மேற்பட்ட சீனத் தொழிலாளர்கள் போயிருந்தார்கள். கைம்மாறாக, ஷான்டோங் மாகாணத்தில் ஜெர்மனி வைத்திருந்த உரிமைகள் திரும்பக் கிடைக்கும் என்று நம்பினார்கள். பாரிஸ் மாநாடு அவற்றைத் தூக்கி ஜப்பானிடம் கொடுத்தது. பெய்ஜிங் அரசு முந்தைய ஆண்டே கடனுக்காக ஜப்பானுக்கு ரகசியமாகத் தலையாட்டியிருந்ததும் அம்பலமானது. மே 4 அன்று சுமார் 3,000 மாணவர்கள் தியானன்மென் முன்னால் கூடி, அமைச்சர் ஒருவரின் வீட்டுக்குத் தீ வைத்தார்கள். ஷாங்காயில் கடைகள் மூடின, ஆலைகள் நின்றன. ஜப்பான் பக்கம் சாய்ந்ததாகக் குற்றம்சாட்டப்பட்ட மூன்று உயர் அதிகாரிகளின் பதவி போனது. வெர்சாய் ஒப்பந்தத்தில் சீனக் குழு கையெழுத்துப் போடவில்லை.

மேற்கு கைவிட்ட அதே ஆண்டு, ஜார் மன்னர் பறித்த சலுகைகளையெல்லாம் விட்டுவிடுகிறோம் என்று சோவியத் ரஷ்யா அறிவித்தது. வடகிழக்கே மஞ்சூரியா ரயில்பாதையை அப்புறமும் அவர்கள் விடவில்லை என்பது வேறு கதை. அறிவிப்பு வந்த நேரம் அப்படி, அது எடுபட்டது. புதிய சிந்தனைக்கு முன்னணியில் நின்ற பேராசிரியர்கள் சென் டுசியூவும் லி டாசாவும் 1921இல் கம்யூனிஸ்ட் கட்சியின் நிறுவனர்கள் ஆனார்கள். அப்போது மொத்த உறுப்பினர்கள் ஐம்பது பேர் சொச்சம். லியின் நூலகத்தில் உதவியாளராக இருந்தவர்தான் மாவோ. தொழிலாளி வர்க்கத்தைத் தேடி இவர்கள் மார்க்ஸிடம் போகவில்லை. நாட்டை எப்படிக் காப்பாற்றுவது என்ற கேள்வியோடு போனார்கள்.

1920களில் சன் யாட்-சென்னின் தேசியவாதக் கட்சியும் (குவோமின்டாங்) கம்யூனிஸ்ட் கட்சியும் கைகோத்து நின்றதும், 1927 ஏப்ரலில் சியாங் ஷாங்காயில் கம்யூனிஸ்டுகளை வேட்டையாடியதும் தெரிந்த கதை. சியாங்குக்கு நியாயம் செய்ய வேண்டும். சுங்கவரி நிர்ணயிக்கும் உரிமையை மீட்டவர் அவர். அந்நியர்மேல் சீன நீதிமன்றம் கைவைக்க முடியாது என்ற அவமானச் சலுகையை பிரிட்டனும் அமெரிக்காவும் 1943இல் கைவிட்டதும் அவருடைய ஆட்சியில்தான். ஆனால் 1931இல் ஜப்பான் மஞ்சூரியாவை விழுங்கியபோது அவர் திருப்பி அடிக்கவில்லை. ஜப்பான் தோல் வியாதி, கம்யூனிஸ்டுகள் இதய வியாதி என்பது அவர் கணக்கு. ராணுவக் கணக்காக அது தப்பில்லாமல்கூட இருக்கலாம். அரசியல் கணக்காகத் தற்கொலை. 1936 டிசம்பரில், மஞ்சூரியாவை இழந்த தளபதி சாங் சூலியாங், சியானுக்கு வந்த சியாங்கையே சிறைபிடித்து, உள்நாட்டுச் சண்டையை நிறுத்த வைத்தார்.

1937இல் ஜப்பானோடு சண்டை மூண்டதும் ஷாங்காயில் மூன்று மாதம் நின்று மடிந்தவை சியாங்கின் மிகச் சிறந்த படைகள். போரின் பெருஞ்சண்டைகளில் பெரும்பாலானவை அவருடைய வீரர்கள் போட்டவை. ஆனால் 1938இல் ஜப்பானியரைத் தடுக்க மஞ்சள் ஆற்றின் கரையை உடைத்து லட்சக்கணக்கான சொந்த மக்களைப் பலிகொடுத்ததும் அவருடைய அரசுதான். வடக்குக் கிராமங்களில் ஜப்பானியர்கள் எரித்துக் கொன்று சூறையாட, அங்கே மக்களோடு இருந்தவர்கள் கம்யூனிஸ்டுகள். அவர்கள் குத்தகையைக் குறைத்தார்கள், கெரில்லாப் படை கட்டினார்கள். 1937இல் சுமார் 40,000 பேராக இருந்த கட்சி 1945இல் 12 லட்சமானது. அதற்குப் பின் நடந்த உள்நாட்டுப் போரில் பணவீக்கம், ஊழல், நிலச்சீர்திருத்தம் எல்லாமே பங்கு வகித்தன. தேசியவாதம் மட்டுமே வென்று கொடுத்தது என்று சொல்ல மாட்டேன்.

தியானன்மென் சதுக்கத்தில் மக்கள் வீரர்கள் நினைவுத்தூணில் எட்டுப் புடைப்புச் சிற்பங்கள் உண்டு. அபினியை அழித்தது, தைப்பிங், வூச்சாங், மே 4 எல்லாம் இருக்கின்றன. ஜப்பானிய எதிர்ப்புக்குக் கெரில்லாக்கள் இருக்கிறார்கள். 1937 ஷாங்காய் இல்லை.

சீன மக்கள் எழுந்து நின்றுவிட்டார்கள் என்று மாவோ அறிவித்தது 1949 செப்டம்பர் 21இல். பலரும் நினைப்பதுபோல அக்டோபர் 1 தியானன்மென் மேடையில் அல்ல. அடுத்த பிப்ரவரியில் அவர் மாஸ்கோவில் ஸ்டாலினோடு ஒப்பந்தம் செய்துகொண்டார்: மங்கோலியாவின் பிரிவினைக்கு ஒப்புதல், மஞ்சூரியாவின் லூஷுன் துறைமுகத்தில் தொடர்ந்து சோவியத் ராணுவம். 1945இல் சியாங் ஸ்டாலினுக்குக் கொடுத்ததும் ஏறக்குறைய இவைதான். 1946 பிப்ரவரியில், சியாங்கின் போர்க்காலத் தலைநகரான சோங்சிங்கின் மாணவர்கள், ரஷ்யப் படையே மஞ்சூரியாவை விட்டு வெளியேறு என்று வீதிக்கு வந்தார்கள். 1950இல் எந்த ஊர்வலமும் நடக்கவில்லை. சோவியத் படை லூஷுனை விட்டுப் போனது 1955இல்.