வாசகர் கேள்வி: ஆஃபா மன்னரின் மண்கரையோரம் ஒரு வாரம்

கேள்வி: வரும் மே மாத இறுதியில் நானும் என் மனைவியும் வேல்ஸில் ஒரு வாரம் நடக்க எண்ணியுள்ளோம். இருவரும் ஐம்பதைக் கடந்தவர்கள். தினமும் காலையில் 6 கி.மீ. நடக்கிறோம். அந்த மண்கரையின் பெயர்கொண்ட ஆஃபாஸ் டைக் நடைபாதை முழுவதையும் முடிக்க இயலுமா? பிறர் நிலங்களின் வழியே செல்ல அனுமதி வாங்க வேண்டுமா?

பதில்: செப்ஸ்டோ நகரை அடுத்த செட்பரியில் தொடங்கி வடக்கே பிரெஸ்டாட்டின் கடற்கரையில் முடியும் அந்தப் பாதையின் நீளம் 285 கி.மீ. பழகியவர்களுக்கே அது ஏறத்தாழ இரண்டு வாரப் பயணம் என்பதால், முழுவதையும் முடிக்கும் எண்ணத்தைத் தயவுசெய்து விட்டுவிடுங்கள். செப்ஸ்டோவிலிருந்து ஹே-ஆன்-வை வரையுள்ள சுமார் 83 கி.மீ. தூரத்தை ஆறு நாள்களில் நடப்பதே உங்களுக்கு ஏற்றது. நாளொன்றுக்கு 14 கி.மீ. என்பது சமவெளியில் எளிதாகத் தோன்றும். ஆனால் மலை நடையில், 5 கி.மீ.க்கு ஒரு மணி நேரம் என்று கணக்கிட்டு, ஏறும் ஒவ்வொரு 600 மீட்டருக்கும் இன்னொரு மணி நேரத்தைக் கூட்ட வேண்டும் என்று 1892-இல் ஸ்காட்லாந்து மலையேறி நெய்ஸ்மித் வகுத்த கணக்கே இன்றும் கைகொடுக்கிறது. முதுகில் சுமையும் காலடியில் ஈரப்புல்லும் இருந்தால் அதற்கு மேலும் ஆகும்.

8-ஆம் நூற்றாண்டில், இன்றைய இங்கிலாந்தின் நடுப்பகுதியில் இருந்த மெர்சியா அரசை ஆண்ட ஆஃபா எழுப்பிய மண்கரையை முதல் நாளிலேயே காண்பீர்கள். வை ஆற்றுக்கு மேலே, மரங்களுக்கிடையில், ஓர் ஏரிக்கரையைப் போல அது நீண்டு கிடக்கும்; கீழே டின்டர்ன் மடாலயத்தின் கூரையற்ற சுவர்கள் தெரியும். மழைநீரும் காலடிகளும் அரித்துவரும் கரை அது. ஆகவே, பக்கத்தில் வழி இருக்கும் இடங்களில் கரையின்மேல் ஏறாமல் நடக்குமாறு உங்களை மிகவும் கேட்டுக்கொள்கிறேன். மன்மத் ஊரைக் கடந்தபின், ஹேக்கும் வடக்கேயுள்ள கிங்டன் ஊர் வரை கரை கண்ணில் படாது.

கடினமான பகுதி பாண்டி என்ற சிற்றூருக்கும் ஹே-ஆன்-வைக்கும் இடையிலுள்ள ஹாட்டரல் முகடு. சுமார் 28 கி.மீ. தூரத்துக்கு ஒதுங்க ஒரு கூரையும் கிடையாது. பாதை 700 மீட்டர் உயரத்தைத் தொடுகிறது. நான் அங்கே நடந்த நாளில் பத்தே நிமிடங்களில் மூடுபனி சூழ்ந்துகொள்ள, மக்கிய தாவரங்களாலான கருஞ்சேற்றின்மீது பதித்திருந்த கற்பலகைகளை ஒவ்வொன்றாகப் பார்த்துத்தான் முன்னேற முடிந்தது. நீங்கள் அதை ஒரே நாளில் கடக்க முயல வேண்டாம். நடுவில் லாந்தோனிப் பள்ளத்தாக்கில் இறங்கித் தங்கிவிட்டு மறுநாள் மீண்டும் ஏறுங்கள். கைப்பேசியை மட்டும் நம்பாமல், பிரிட்டனின் நில அளவை அமைப்பான ஆர்டினன்ஸ் சர்வேயின் 1:25,000 அளவிலான வரைபடத்தையும் திசைகாட்டியையும் உடன் வைத்திருங்கள். ஆபத்து நேர்ந்தால் 999-ஐ அழைத்து, காவல்துறையிடம் மலை மீட்புக் குழு வேண்டும் என்று சொல்ல வேண்டும்.

அனுமதி தேவையில்லை. இது பொதுவழி, நிலம் விவசாயியுடையது, அதன் குறுக்கே நடந்து செல்லும் உரிமை எல்லோருக்கும் உண்டு. பாதையின் அடையாளமான ஓக் மரக்கொட்டைச் சின்னத்தைப் பின்தொடருங்கள். வேலிகளில் அரைவட்ட அடைப்புக்குள் ஊசலாடும் சிறு கதவுகள் வரும்: கதவைத் தள்ளி, அடைப்புக்குள் ஒதுங்கி நின்று, அதை எதிர்ப்பக்கம் விட்டால்தான் வெளியேற முடியும், ஆட்டுக்குட்டி நுழைய முடியாது. சாதாரணக் கதவுகளை மட்டும் இருந்தபடியே விட்டுச் செல்லுங்கள். திறந்திருந்தால், ஆடுகள் தண்ணீருக்குப் போவதற்காக விவசாயியே திறந்து வைத்திருக்கக்கூடும்.

ஹேயில் ரயில் நிலையம் இல்லை. அங்கிருந்து ஹெரிஃபோர்டுக்குப் பேருந்து உண்டு. ஏழாம் நாளை அதற்கென ஒதுக்கிக்கொள்ளுங்கள்.