நிருபர்கள் அறையில் ஓர் இரவு

கேள்வி: ‘தி ஃப்ரண்ட் பேஜ்’ என்ற அமெரிக்க நாடகத்தை அரசியல் ஊழலைத் தோலுரிக்கும் நகைச்சுவை என்கிறார்கள். படித்தபோது, அரசியல்வாதிகளைவிடப் பத்திரிகையாளர்களையே அது அதிகம் சாடுவதாக எனக்குப் பட்டது. என் எண்ணம் சரிதானா?

பதில்: சரியே. பென் ஹெக்ட், சார்லஸ் மக்ஆர்தர் இருவரும் சிகாகோவில் நிருபர்களாக இருந்தவர்கள். 1928 ஆகஸ்டில் நியூயார்க்கின் நாடக அரங்குகள் நிறைந்த பிராட்வேயில் அரங்கேறிய இந்த நாடகத்தில், தாங்கள் பழகிய உலகத்தையே அவர்கள் மேடையேற்றினார்கள். மூன்று அங்கங்களும் சிகாகோ குற்றவியல் நீதிமன்றக் கட்டடத்தின் நிருபர்கள் அறையில், ஒரே இரவில் நடக்கின்றன. விடிந்தால் எர்ல் வில்லியம்ஸுக்குத் தூக்கு. அவன் சுட்டு இறந்தவர் ஒரு கறுப்பினக் காவலர். தேர்தல் நெருங்கிவிட்டதால், கறுப்பின மக்களின் வாக்குகளைக் கருதி, அந்தத் தூக்கு எப்படியும் நிறைவேறியாக வேண்டும் என்று மேயரும், தூக்கை நிறைவேற்றும் பொறுப்பிலுள்ள அதிகாரியான ஷெரிஃபும் துடிக்கிறார்கள். தண்டனையை நிறுத்தச் சொல்லும் ஆளுநரின் உத்தரவு வந்து சேர்ந்ததும், அதைக் கொண்டுவந்தவருக்கு நகராட்சிப் பதவி ஒன்றைக் காட்டி ஆசைமூட்டி, உத்தரவு தங்கள் கைக்கு வரவே இல்லை என்று சாதிக்கப் பார்க்கிறார்கள்.

இவ்வளவு நடக்கும்போது நிருபர்கள் சீட்டாடிக்கொண்டிருக்கிறார்கள். தங்கள் பதிப்புக்கு வசதியாகத் தூக்கைச் சற்று முன்னதாகவே முடித்துவிடக் கூடாதா என்று ஷெரிஃபிடம் கேட்கவும் அவர்களுக்குக் கூச்சமில்லை. சிறையிலிருந்து தப்பிய வில்லியம்ஸ் அந்த அறைக்கே வந்து சேர, ஹில்டி ஜான்சன் என்ற நிருபர் அவனை ஒரு பெரிய எழுதுமேசைக்குள் ஒளித்துவைக்கிறார்; இரக்கத்தால் அல்ல, செய்தி தன் பத்திரிகைக்கு மட்டுமே கிடைக்க வேண்டும் என்பதற்காக. பிறகு மேசையைத் திறந்து அவனைப் பிடிக்கும்போது அவன் மயங்கிக் கிடக்கிறான். ஆனால் தொலைபேசியைக் கையில் எடுத்த நிருபர்களில் ஒருவர், அவன் கடுமையாகப் போராடியதாகவும், இன்னொருவர் அவன் சுட முயன்றதாகவும் தத்தம் அலுவலகத்துக்குச் செய்தி சொல்கிறார்கள். ஒரே அறையில் நின்று, ஒரே காட்சியைப் பார்த்துவிட்டு, அதே நிமிடத்தில் பொய் சொல்லும் இந்த இடத்தைத்தான் நாடகத்தின் உச்சம் என்று நான் கருதுகிறேன்.

அந்த இரவில் தனக்கென எதையும் தேடாதவள் மாலி மலாய் ஒருத்திதான். பாலியல் தொழிலாளியான அவள் வில்லியம்ஸிடம் ஒருமுறை பரிவு காட்டியதையே காதல் கதையாக்கிப் பத்திரிகைகள் எழுதிவிட்டன. நிருபர்கள் மேசையை நெருங்கும் நேரத்தில், அவர்களைத் திசைதிருப்ப அவள் ஜன்னல் வழியே குதித்துவிடுகிறாள். சிரிப்பு நின்றுபோகும் இந்தக் கட்டம் இல்லையென்றால், மற்ற சிரிப்பெல்லாம் வெறும் கும்மாளமாகியிருக்கும். முடிவும் அப்படியே: ஆளுநரின் உத்தரவை மறைத்த விஷயம் வெளிப்பட்டதும், கைதியை ஒளித்த குற்றத்திலிருந்து ஹில்டியும் அவருடைய ஆசிரியர் வால்டர் பர்ன்ஸும் விடுபடுகிறார்கள். ஊழலை அம்பலப்படுத்த வேண்டிய செய்தி, முதலில் அவர்களைக் காப்பாற்றும் பேரப் பொருளாகத்தான் பயன்படுகிறது.

கேள்வி: இது உண்மைச் சம்பவமா?

பதில்: முழுக்க அல்ல. தூக்குக்குச் சில நாட்களே இருந்தபோது, 1921 டிசம்பரில், டாமி ஓ'கானர் என்ற கைதி சிகாகோ சிறையிலிருந்து தப்பினான்; அவன் பிடிபடவே இல்லை. அவனைத் தூக்கிலிட வேண்டும் என்ற தீர்ப்பு நிலுவையில் இருந்ததால், மின்சார நாற்காலி வந்த பிறகும் அந்தத் தூக்குமரத்தை 1977 வரை பாதுகாத்து வைத்திருந்தார்கள். வால்டர் பர்ன்ஸ் பாத்திரத்துக்கு, ஹெர்ஸ்ட் என்ற பத்திரிகை அதிபரின் இதழ்களில் ஆசிரியராக இருந்த வால்டர் ஹோவி முன்மாதிரி.

கேள்வி: திரைப்படமாக எதைப் பார்க்கலாம்?

பதில்: 1931, 1974 ஆகிய ஆண்டுகளில் வந்த படங்கள் நாடகத்தின் பெயரையே தாங்கியவை. 1940-இல் ஹோவர்ட் ஹாக்ஸ் எடுத்த ‘ஹிஸ் கேர்ள் ஃப்ரைடே’ படத்தில் ஹில்டி ஒரு பெண். ஆசிரியரின் முன்னாள் மனைவி. உரையாடலின் வேகத்துக்காக அதைத் தவறாமல் பாருங்கள், ஆனால் நாடகத்தைப் படித்த பிறகு.