விற்பதா, மாற்றுவதா, வைத்திருப்பதா?

கேள்வி: நண்பர்கள் நாலு பேர் சேர்ந்து ‘அக்வயர்’ என்ற பலகை விளையாட்டை ஆடுகிறோம். ஒரு ஹோட்டல் கம்பெனியை இன்னொன்று விழுங்கும்போது, விழுங்கப்பட்டதன் ஷேர்களை விற்பதா, இரண்டுக்கு ஒன்றாகப் பெரிய கம்பெனி ஷேராக மாற்றுவதா, அப்படியே வைத்திருப்பதா என்று ஒவ்வொரு தடவையும் குழம்புகிறேன். பெரியது நல்லதுதானே என்று மாற்றிவிடுவேன். ஆனால் பாதி ஆட்டத்திலேயே காசு தீர்ந்து வேடிக்கை பார்க்கிறேன். எங்கே தப்பு?

பதில்: மாற்றுவதில் தப்பில்லை. கையில் எவ்வளவு காசு இருக்கிறது என்று பார்க்காமல் மாற்றுகிறீர்களே, அதுதான் தப்பு.

இந்த ஆட்டத்தில் நினைத்த நேரத்தில் ஷேரை விற்க முடியாது. 6,000 டாலரோடு தொடங்குகிறோம். அதன் பிறகு கடைசிவரை காசு வரும் ஒரே வழி கம்பெனி இணைப்புதான். ஒரு முறைக்கு 3 ஷேர் வரை வாங்கலாம். ஒரு ஷேர் 400 டாலர் என்றால் ஐந்தே முறையில் கை காலி. அந்த நேரம் பார்த்துத்தான் எதிரில் இருப்பவர் 200 டாலர் விலையில் புதுக் கம்பெனி ஒன்றைத் தொடங்குவார்.

இன்னொன்றும் இருக்கிறது. பலகையில் ஒட்டி ஒட்டி வைக்கும் டைல்கள் (சதுரத் துண்டுகள்) சேர்ந்ததுதான் ஒரு கம்பெனி. 11 டைல் சேர்ந்த கம்பெனியை யாராலும் விழுங்க முடியாது. பாதுகாப்பானதுதான். ஆனால் விழுங்கப்படாத கம்பெனி ஆட்டம் முடியும்வரை காசும் தராது. அதில் போடுவது பாதியில் உடைக்க முடியாத டெபாசிட் மாதிரி. நீங்கள் ஒவ்வொரு இணைப்பிலும் இருக்கிற காசையெல்லாம் இந்த டெபாசிட்டில் போட்டுவிட்டு, மளிகைக்குப் பணமில்லையே என்கிறீர்கள்!

கணக்காகப் பார்ப்போம். (பழைய விலை அட்டைப்படி சொல்கிறேன்; உங்கள் பெட்டியில் வேறாக இருந்தால் அதையே வைத்துக்கொள்ளுங்கள்.) டவர் என்ற கம்பெனியில் 3 டைல், ஷேர் 300. காண்டினென்டல் என்ற கம்பெனியில் 6 டைல், ஷேர் 800. நடுவே ஒரு டைல் விழுந்து இரண்டும் சேர்கின்றன. உங்களிடம் டவர் ஷேர் 8; அதிகம் வைத்திருப்பவர் நீங்கள்தான். எனவே விலையைப் போல் பத்து மடங்கு, அதாவது 3,000 டாலர் போனஸ் உங்களுக்கு. இரண்டாமவருக்கு 1,500. மற்றவர்களுக்கு ஒன்றுமில்லை. எட்டையும் விற்றால் 2,400. மாற்றினால் 4 காண்டினென்டல், மதிப்பு 3,200. போனஸ் காசு கையில் இருப்பதால் இங்கே தயங்காமல் மாற்றுங்கள். இப்போது காண்டினென்டலில் 10 டைல். இன்னும் ஒன்று சேர்ந்தால் விலை 900 ஆகும்.

அதே இடத்தில் உங்களிடம் 4 டவர் ஷேர்தான், போனஸ் கிடையாது, கையில் 200 டாலர் என்று வையுங்கள். மாற்றினால் 1,600 மதிப்புள்ள இரண்டு ஷேர், விற்றால் 1,200 ரொக்கம். காகிதக் கணக்கில் மாற்றுவதுதான் லாபம். நான் விற்பேன். 200 டாலர் கம்பெனியில் அந்த 1,200-க்கு 6 ஷேர் வரும். பெரும்பாலும் அது முதலிடத்துக்குப் போதும். அந்தக் குட்டிக் கம்பெனி இரண்டு டைலோடு விழுங்கப்பட்டால்கூட 2,000 போனஸ்.

மாற்றுவதன் உண்மையான பலம் விலையில் இல்லை. ஒரு முறைக்கு 3 ஷேர்தான் என்ற வரம்பை உடைக்க அதுதான் வழி. காண்டினென்டலில் உங்களைவிட மூன்று ஷேர் அதிகம் வைத்திருப்பவரை, 4 ஷேரை ஒரே மூச்சில் வாங்கி முந்திவிடலாம். 1964-இல் 3எம் நிறுவனம் (ஒட்டும் டேப்புக்குப் பேர்போன அதே நிறுவனம்தான்) வெளியிட்ட இந்த ஆட்டத்தில், இதை உருவாக்கிய சிட் சாக்சன் வைத்த மிக அழகான விதி இதுதான் என்பேன். முதலிடம் கைமாறும் என்றால், காசு இடித்தாலும் மாற்றுங்கள்.

வைத்திருப்பது அபூர்வமாகத்தான் பலிக்கும். விழுங்கப்பட்ட டவரின் பெயரில் மறுபடி கம்பெனி தொடங்கலாம். பலகையில் தனியாகக் கிடக்கும் டைலை ஒட்டி வைக்கத்தக்க டைல் உங்கள் கையில் இருந்தால் நாலைந்து ஷேரை வைத்திருங்கள். நீங்களே தொடங்கினால் இலவசமாக ஒன்று வரும், அதே முறையில் 3 வாங்கலாம். எடுத்த எடுப்பில் எட்டு, ஒன்பது ஷேர். ஆனால் வேறொருவர் ஆறேழு டவர் ஷேரை வைத்திருக்கிறாரா என்று முதலில் பாருங்கள். இருந்தால், அவர் தன் முறையில் 3 வாங்கி உங்களை முந்திவிடலாம்; உழைப்பு உங்களுடையது, போனஸ் அவருடையது. பலகை நிரம்பிய பிறகு இந்த ஆசையே வேண்டாம். கம்பெனி மறுபடி பிறக்காவிட்டால் அது வெற்றுக் காகிதம்.

கடைசிக் கட்டத்தில் கணக்கு வேறு. ஏதாவது ஒரு கம்பெனி 41 டைலைத் தொட்டாலோ, பலகையில் உள்ள எல்லாக் கம்பெனியும் குறைந்தது 11 டைலை எட்டினாலோ ஆட்டத்தை முடிக்கலாம். அது நெருங்கிவிட்டால் புதிதாக வாங்க ரொக்கம் தேவையில்லை. பெரிய ஷேரின் விலை சின்னதன் விலையைப் போல் இரண்டு மடங்கு இருந்தால் மாற்றுங்கள், இல்லையென்றால் விற்றுவிடுங்கள். போனஸ் இடம் மாறும் என்றால் மட்டும் விதிவிலக்கு.

மாற்ற நினைக்கும்போது வங்கியில் மீதி எத்தனை ஷேர் என்றும் எண்ணுங்கள். ஒரு கம்பெனிக்கு மொத்தமே 25 தான். இணைப்பை உண்டாக்கியவர் முதலில் முடிவு செய்வார், அப்புறம் கடிகாரச் சுற்றில் மற்றவர்கள். நீங்கள் அவருக்கு வலப்பக்கம் உட்கார்ந்திருந்தால், உங்கள் முறை வரும்போது மாற்ற ஒன்றுமே மிஞ்சாமல் போகலாம்.