வால் கட்சி

அன்புள்ள ஐயா,

சோழவந்தான் பக்கம் எங்கள் ஊர். அப்பாவுக்கு வயது 74. தினமும் சாயங்காலம் ரயில்வே கேட்டுக்குப் போய் நிற்கிறார். அந்தப் பக்கம் போகிற வேலை எதுவும் கிடையாது. ரெண்டு வண்டி போனதும் திரும்பிவிடுவார். என்னப்பா பார்க்கிறீங்க என்றால் "வண்டிதான்" என்கிறார். வயசானால் இப்படித்தானா? நான் கவலைப்பட வேண்டுமா?

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

கேட்டுக்கு வெளியேதானே நிற்கிறார்? அப்படியென்றால் கவலையில்லை.

ஒன்றை மட்டும் கவனியுங்கள். அப்பா பார்ப்பது இன்ஜினையா, கடைசிப் பெட்டியையா?

சிறுவயதில் நாங்கள் எல்லோரும் இன்ஜின் கட்சி. மதுரை–போடி லைனில், உசிலம்பட்டிக்கு இந்தப் பக்கம் ஒரு கேட். குறுகலான பாதையில் ஓடும் மீட்டர் கேஜ் வண்டி. எண்ணுவதற்குப் பெரிதாகப் பெட்டிகள் இருக்காது, ஆனாலும் ஒருத்தன் கணக்கு இன்னொருத்தனோடு ஒத்துப்போகாது. கேட்கீப்பர் அண்ணன் மட்டும் இன்ஜினைச் சட்டை செய்யமாட்டார். சுருட்டிய கொடிகளோடு சக்கரங்களையே பார்த்தபடி நிற்பார். ஒருநாள் கேட்டேவிட்டேன். எங்காவது புகைகிறதா, எதுவும் தொங்குகிறதா, கடைசிப் பெட்டிக்கான அடையாளம் இருக்கிறதா என்று பார்க்கிறாராம். அடையாளம் இல்லாவிட்டால் பாதி வண்டி எங்கோ கழன்று நிற்கிறது என்று அர்த்தம். இப்போது பயணிகள் வண்டியின் பின்னால் பெரிய எக்ஸ் குறி போட்டிருக்கிறதே, அது இதற்குத்தான். இரவில் சிவப்பு விளக்கு. அன்றைக்கு நான் வால் கட்சிக்கு மாறினேன்.

2010 கடைசியில் அகலப்பாதை வேலைக்காக அந்த லைனை மூடினார்கள். தேனி வரை மறுபடி வண்டி ஓடியது 2022 மே மாதம். போடிக்குப் போனது 2023 ஜூன். நடுவில் தண்டவாளத்தையே பெயர்த்துவிட்டிருந்தார்கள், ஆடு மேய்ந்தது. அப்போதும் எங்கள் டவுன் பஸ் டிரைவர் அந்த இடம் வந்ததும் வேகத்தைக் குறைத்து, ரெண்டு பக்கமும் பார்த்துவிட்டுத்தான் கடப்பார். யாரும் கேலி செய்ததில்லை. (நான் செய்திருக்கிறேன்.)

உங்களுடையது மெயின் லைன், கொடுத்துவைத்தவர்கள். வைகை, பாண்டியன் எல்லாம் அந்த வழிதான். வந்தே பாரத்தில் பார்க்க ஒன்றுமில்லை, வருவதற்குள் போய்விடும். கூட்ஸ் வண்டிதான் விருந்து. பைக்கில் காத்திருப்பவர்கள் திட்டத் திட்ட அது பாட்டுக்குப் போய்க்கொண்டே இருக்கும்.

ஒருநாள் நீங்களும் கூடப் போங்கள். கேட் போட்டதும் உங்கள் வண்டியை ஆஃப் செய்துவிட்டுச் சும்மா நில்லுங்கள். ரயில் போனபிறகு, பின்னால் எக்ஸ் இருந்ததா என்று மட்டும் அப்பாவிடம் கேளுங்கள்.

பதிலை எனக்கு எழுதுங்கள்.