குடியை விட்டவர் மீண்டும் குடித்தால், சிகிச்சை வீணாகிவிட்டதா?

கேள்வி: என் கணவர் பல ஆண்டுகளாக நாள்தோறும் குடித்துவந்தார். மறுவாழ்வு மையத்தில் தங்கிச் சிகிச்சை பெற்ற பின் எட்டு மாதங்கள் குடியைத் தொடவில்லை. இப்போது மறுபடியும் தினமும் குடிக்கிறார். அவருக்கு மனவுறுதி இல்லை என்கிறார்கள் உறவினர்கள். அவரோ, “மையத்துக்கு வர மாட்டேன், நாளை முதல் வீட்டிலேயே நிறுத்திவிடுகிறேன்” என்கிறார். விட்டுவிடலாமா? பெற்ற சிகிச்சை வீண்தானா?

பதில்: சகோதரி, வீட்டிலேயே நிறுத்துவதைப் பற்றித்தான் முதலில் சொல்ல வேண்டும்; அதில் உயிராபத்து இருக்கிறது. நாள்தோறும் மிகுதியாகக் குடித்துவந்தவர் திடீரென்று நிறுத்தினால், முதல் நாளிலேயே கைநடுக்கமும் வியர்வையும் படபடப்பும் தொடங்கலாம். சிலருக்கு 48 மணி நேரத்துக்குள் வலிப்பு வரும். இரண்டாம் நாளிலிருந்து நான்காம் நாளுக்குள் இடமும் நேரமும் தெரியாத குழப்பமும், இல்லாத உருவங்கள் கண்ணில் தோன்றுவதும் ஏற்பட்டு, கவனிக்காமல் விட்டால் மரணம்கூட நேரலாம். முன்பு நிறுத்தியபோது வலிப்பு வந்திருந்தால் ஆபத்து இன்னும் அதிகம். எனவே அவர் மருத்துவரின் கண்காணிப்பில்தான் நிறுத்த வேண்டும். நடுக்கத்தையும் வலிப்பையும் தடுக்கும் மருந்துகளோடு, குடியால் உடலில் குறைந்துபோகும் தயமின் என்ற வைட்டமின் பி1-ஐயும் அங்கே கொடுப்பார்கள்.

இந்தக் கட்டம் பெரும்பாலும் ஒரு வாரத்தில் முடிந்துவிடும். பலரும் இதையே சிகிச்சை என்று எண்ணிக்கொள்கிறார்கள். மூளையில் நேர்ந்த மாற்றம் அவ்வளவு விரைவில் சீராவதில்லை. மது, டோபமைன் என்ற வேதிப்பொருளை இயல்புக்கு மீறிச் சுரக்கவைக்கிறது. இது ஆண்டுக்கணக்கில் தொடரும்போது மூளை தன் உணர்திறனைக் குறைத்துக்கொள்வதால், முன்பு போதுமாயிருந்த அளவு போதாமற்போகிறது, வேறெதிலும் மகிழ்ச்சி தோன்றாமலும் போகிறது. முன்யோசனையையும் கட்டுப்பாட்டையும் தரும் முன்மூளை தளர்ந்துவிட, குடியோடு தொடர்புடைய இடமும் நேரமும் நட்பும் வாசனையும் நினைவில் ஆழப் பதிந்துவிடுகின்றன. மாதக்கணக்கில் விலகியிருந்தவரையும் அந்தப் பதிவு ஒரே மாலைப்பொழுதில் இழுத்துவிடக்கூடும். மனவுறுதி தேவைதான். ஆனால் உறுதிகொள்ள வேண்டிய உறுப்பே நலிந்திருக்கும்போது, அதை மட்டும் நம்பி ஒருவரைத் தனியே விடுவது கொடுமை என்றே நான் கருதுகிறேன்.

ஆகவே சிகிச்சை வீணாகவில்லை. மீண்டும் குடிப்பது இந்நோயில் பரவலாக நிகழ்வது. அது சிகிச்சையை மாற்றியமைக்க வேண்டும் என்பதற்கான அறிகுறி. முதல் கோப்பைக்கு முந்தைய வாரங்களில் என்ன நடந்தது என்று இருவரும் நிதானமாகப் பேசிப் பாருங்கள். மறுபரிசோதனைக்குச் செல்வதை நிறுத்தினாரா, தூக்கம் கெட்டதா, பழைய நண்பர்களைச் சந்தித்தாரா, மனச்சோர்வு இருந்ததா? விடை அங்கேதான் பெரும்பாலும் இருக்கும். மருத்துவரிடமும் அதையே சொல்லுங்கள். குடிக்கும் வேட்கையைக் குறைக்க நால்ட்ரெக்சோன், அகாம்ப்ரோசேட் போன்ற மருந்துகள் உள்ளன. எது பொருந்தும் என்பதைக் கல்லீரல், சிறுநீரகங்களின் நிலையைப் பார்த்து மருத்துவர் முடிவுசெய்வார். குடித்தால் உடல் ஒவ்வாமற்போகச் செய்யும் டைசல்ஃபிராம் மருந்தை அவருக்குத் தெரியாமல் உணவில் கலந்து கொடுக்கும்படி யாரேனும் சொன்னால் தயவுசெய்து கேட்காதீர்கள். அது உடலில் இருக்கும்போது குடித்தால் கடும் வாந்தியும் இரத்த அழுத்த வீழ்ச்சியும் ஏற்பட்டு உயிரே போகலாம். இப்படிக் கலந்து கொடுத்தது வெளிப்பட்டுவிட்டால், உங்கள்மீது அவருக்கு மிஞ்சியிருக்கும் நம்பிக்கையும் போய்விடும்.

அவர் போதையில் இருக்கும்போது வாதாடாதீர்கள். தெளிவாக இருக்கும் காலைப் பொழுதில் பேசுங்கள். அவருக்காக அலுவலகத்தில் பொய் சொல்வதையும், குடிக்கு வாங்கிய கடனை அடைப்பதையும் நிறுத்துங்கள். அவர் வராவிட்டாலும் ஆலோசகரை நீங்கள் மட்டும் போய்ப் பார்க்கலாம். குடும்பத்தினர் பயிற்சி பெற்றதால் நோயாளி சிகிச்சைக்கு இணங்கிய குடும்பங்கள் பல உண்டு. அவர் அடிக்கிறார் என்றால் மட்டும் இந்தப் பொறுமை எதுவும் வேண்டாம். பிள்ளைகளோடு பாதுகாப்பான இடத்துக்குச் சென்றுவிடுங்கள்.

கேள்வி: ஹெராயினுக்கு அடிமையாகியிருந்த என் தம்பி சிகிச்சை முடிந்து வீடு திரும்புகிறான். புப்ரினார்ஃபின் மாத்திரையைத் தொடரச் சொல்லியிருக்கிறார்கள். ஒரு போதைக்குப் பதில் இன்னொன்றா?

பதில்: இல்லை. மருத்துவர் அளவிட்டுத் தரும் அந்த மருந்து, வேட்கையையும் விலகல் வேதனையையும் அடக்கி, வேலைக்குச் செல்லவும் குடும்பத்தோடு வாழவும் அவருக்கு இடம் தருகிறது; இறப்பையும் குறைக்கிறது. வெட்கப்பட்டோ அவசரப்பட்டோ அதை நிறுத்தச் சொல்லாதீர்கள். விலகியிருந்த காலத்தில் போதையைத் தாங்கும் ஆற்றல் உடலில் வெகுவாகக் குறைந்திருக்கும் என்பதால், பழைய அளவை ஒரே ஒருமுறை எடுத்துக்கொண்டாலும் மூச்சு நின்றுவிடலாம். சிகிச்சை முடிந்து வந்த முதல் சில வாரங்கள் இவ்வகையில் மிக ஆபத்தானவை. இதை அவரிடமே வெளிப்படையாகச் சொல்லுங்கள். அளவு மீறிய ஹெராயினின் விளைவை முறிக்கும் நாலாக்சோன் என்ற மருந்து கிடைக்குமா என்று மருத்துவரைக் கேட்டு, கிடைத்தால் வீட்டில் வைத்துக்கொள்ளுங்கள். எழுப்பினாலும் விழிக்காமல், மூச்சு மெதுவாகி உதடுகள் நீலம் பாரித்தால், பிறர் என்ன நினைப்பார்கள் என்று தயங்காமல் உடனே ஆம்புலன்ஸை அழையுங்கள்.