விலைப்புள்ளியில் குழுவுக்கு மட்டுமான கையொப்பம்

கேள்வி: திருவிழாக்களுக்குப் பந்தல் அமைத்துத் தருவது என் தொழில். காவடித் திருவிழாவுக்காக ஓர் ஆலயக் குழு கேட்ட விலைப்புள்ளியை, டிஜிட்டல் கையொப்பமிட்ட பிடிஎஃப் கோப்பாக அனுப்பினேன். அவர்கள் அதை அப்படியே என் போட்டியாளருக்கு அனுப்பி, இன்னும் குறைத்துக் கேட்டுவிட்டார்கள். விலையைச் சொன்னது நான்தான் என்று குழு உறுதிசெய்துகொள்ளவும், அதைப் பிறரிடம் மெய்ப்பிக்க முடியாதிருக்கவும் வழி உண்டா?
– ஒரு வாசகர், சாட்ஸ்வொர்த், டர்பன்

பதில்: உண்டு. வழக்கமான டிஜிட்டல் கையொப்பத்தை, உங்களிடம் மட்டுமே இருக்கும் இரகசியத் திறவுகோல் என்னும் எண்ணைக் கொண்டு இடுகிறீர்கள்; அதற்கு இணையாக வெளியிடப்படும் உங்கள் பொதுத் திறவுகோலைக் கொண்டு அதை யாரும் சரிபார்க்கலாம் என்பதால், கோப்பு கைமாறும்போது சான்றும் கூடவே கைமாறிவிடுகிறது. பெறுநர் ஒருவருக்கு மட்டுமே சான்றாக நிற்கும் கையொப்பத்தை 1996-இல் யாக்கப்சன், சாகோ, இம்பாக்லியாசோ ஆகிய குறியாக்க ஆய்வாளர் மூவர் முன்வைத்தார்கள்.

அதன் சூட்சுமம் "அல்லது" என்பதில் இருக்கிறது. "இதை நான் ஒப்பமிட்டேன், அல்லது ஆலயக் குழுவின் இரகசியத் திறவுகோலை உடையவர் உருவாக்கினார்" என்பதையே அந்தக் கையொப்பம் மெய்ப்பிக்கிறது. இரண்டில் எது உண்மை என்பதை அது காட்டுவதில்லை. தான் அதை உருவாக்கவில்லை என்று குழுவுக்குத் தெரியுமாதலால், அனுப்பியவர் நீங்களே என்று அது உறுதிகொள்ளும். போட்டியாளரோ, விலையை இறக்குவதற்காகக் குழுவே ஒரு தொகையை எழுதி அதே போன்ற கையொப்பத்தை இட்டிருக்கலாம் என்று ஐயுறுவார். அந்த ஐயத்தைத் தீர்க்கக் குழுவிடம் எதுவும் இருக்காது. குழுவின் வாய்ச்சொல்லையே அவர் நம்பிவிடுவாரானால், அதைத் தடுக்கக் கணிதத்தால் இயலாது.

இதில் ஓர் ஓட்டையும் உண்டு. கோப்பு குழுவைச் சேருமுன் வழியிலேயே ஒருவர் அதைப் பிடித்துவிட்டால், குழு அதை இன்னும் பார்க்கவே இல்லை என்பதைக் கொண்டு, உருவாக்கியவர் நீங்கள்தான் என்று அவர் ஊகித்துவிடுவார். ஆகவே, பெறுநரின் இரகசியத் திறவுகோல் இல்லாமல் சரிபார்க்கவே இயலாத வலுவான வகைகளும் உள்ளன. எவ்வகையாயினும் குழு தனக்கென ஒரு திறவுகோலை வைத்திருந்தாக வேண்டும். உங்கள் பிடிஎஃப் மென்பொருள் இடும் கையொப்பம் இந்த வகையைச் சேர்ந்ததன்று.

கேள்வி: பணம் தராமல் இழுத்தடித்தால் இந்தக் கையொப்பத்தை நீதிமன்றத்தில் காட்டலாமா?
– அதே வாசகர்

பதில்: அதற்கு இது உதவாது, மூன்றாமவரிடம் சான்றாகக் கூடாது என்பதற்காகவே அமைக்கப்பட்டது, நீதிபதியும் அங்கே மூன்றாமவர்தான். பேரம் முடியும்வரை விலைப்புள்ளிக்கு இதைப் பயன்படுத்தலாம். விலை முடிவானதும் ஒப்பந்தத்தில் இரு தரப்பினரும் வழக்கமான கையொப்பத்தையே இட வேண்டும். கையொப்பம் வேண்டுமெனச் சட்டமே விதித்து, அதன் வகையைக் குறிப்பிடாத ஆவணங்களில், தென்னாப்பிரிக்காவின் 2002-ஆம் ஆண்டு மின்னணுத் தொடர்பு மற்றும் பரிவர்த்தனைச் சட்டம் அங்கீகாரம் பெற்ற உயர்நிலை மின்னணுக் கையொப்பத்தையே ஏற்கிறது. உயிலும் நிலவிற்பனையும் அச்சட்டத்துக்கு வெளியே நிற்பவை.