அமெரிக்க மாநில அரசியல்வாதிகளில் அதிகம் பேசப்படாத, உங்களை உலுக்கிய ஒருவர் யார்?

டூனிஸ் கேம்பெல். ஜார்ஜியா மாநில செனட்டராக இருந்த கறுப்பினத்தவர்.

1812இல் நியூ ஜெர்சியில் பிறந்தவர், ஒருநாளும் அடிமையாக இருந்ததில்லை. நியூயார்க், பாஸ்டன் ஹோட்டல்களில் வேலை பார்த்து, 1848இல் ஹோட்டல் நிர்வாகத்துக்கென்றே ஒரு கையேடு எழுதினார். பரிமாறுபவர்கள் பட்டாளத்துக்காரர்கள் மாதிரி மணியோசைக்கு ஏற்ப வரிசையாக நடந்து வரவேண்டும் என்று அதில் பயிற்சியே கொடுத்திருக்கிறார். எதையும் ஒழுங்குக்குக் கொண்டுவரும் அந்தக் கைதான் பின்னால் ஜார்ஜியாவிலும் வேலை செய்தது.

1865இல், அமெரிக்க உள்நாட்டுப் போரில் வடக்குப் படையின் தளபதியாக இருந்த ஜெனரல் ஷெர்மன், அடிமைத்தனத்திலிருந்து விடுதலையான மக்களுக்குக் குடும்பத்துக்கு 40 ஏக்கர் வரை கடற்கரையிலும் அதையொட்டிய தீவுகளிலும் நிலம் ஒதுக்கினார். ஜார்ஜியா பக்கத்துத் தீவுகளை மேற்பார்க்கப் போன கேம்பெல், அவற்றில் ஒன்றான செயின்ட் கேத்தரின்ஸ் தீவில் பள்ளிக்கூடம், சட்டம், காவல்படை என்று ஒரு சின்ன அரசாங்கத்தையே நடத்திக் காட்டினார். அடுத்த வருடமே நிலம் பழைய முதலாளிகள் கைக்குப் போனது, இவரையும் விரட்டிவிட்டார்கள்.

சரி என்று உட்கார்ந்துவிடவில்லை. ஜார்ஜியாவின் மெக்கின்டாஷ் கவுண்டியில் (நம் மாவட்டம் மாதிரி) மறுபடி ஆரம்பித்து, 1868இல் மாநில செனட்டுக்கு ஜெயித்தார். கறுப்பர்களுக்கு ஓட்டுரிமைதான் உண்டு, பதவி வகிக்கும் உரிமை இல்லை என்று சொல்லி அந்த வருடம் செப்டம்பரிலேயே வெளியேற்றினார்கள். அமெரிக்க நாடாளுமன்றம் தலையிட்ட பிறகு 1870இல்தான் இடம் திரும்பக் கிடைத்தது.

ஆனால் என்னைக் கேட்டால், செனட்டை விடப் பெரியது அவர் அந்தக் கவுண்டியின் டேரியன் ஊரில் வகித்த உள்ளூர் நீதிபதி பதவிதான். முதலாளி கூலியில் ஏமாற்றினால் தொழிலாளி நியாயம் கேட்டுப் போய் நிற்க ஓர் இடம் இருந்தது, தேவைப்பட்டால் வெள்ளையர்களையும் கைது செய்யச் சொன்னார். இதைத்தான் அவர்களால் பொறுக்கவே முடியவில்லை.

அப்புறம் வழக்கும் அந்தப் பதவியை வைத்தே வந்தது, நீதிபதியாக இருந்தபோது ஒருவரை முறையில்லாமல் அடைத்து வைத்தார் என்று. ஜார்ஜியா அப்போது கைதிகளைக் கட்டாய வேலைக்காகத் தனியாருக்குக் குத்தகைக்கு விட்டுக்கொண்டிருந்தது. 1876இல், அறுபது தாண்டிய இந்த மனிதரைக் கைவிலங்கு போட்டுக் கூட்டிப்போய், ஒரு பெருந்தோட்ட முதலாளியிடம் குத்தகைக் கைதியாக ஒப்படைத்தார்கள். எந்த மாநிலத்துக்குச் சட்டம் இயற்றினாரோ, அதே மாநிலம். எத்தனை முறை படித்தாலும் இந்த இடத்தில் எனக்கு மனசு ஆறுவதில்லை.

வெளியே வந்ததும் வாஷிங்டனுக்குப் போனார், தானும் குடும்பமும் பட்ட பாட்டை எழுதி 1877இல் வெளியிட்டார். 1891இல் பாஸ்டனில் இறந்தார். அவர் திரட்டி வைத்த மெக்கின்டாஷ் மக்களின் ஓட்டு மட்டும் சிதறவில்லை, 1907இலும் அந்தக் கவுண்டிக்காக ஒரு கறுப்பின உறுப்பினர் ஜார்ஜியா சட்டமன்றத்தில் இருந்தார்.